பிளாக்ஜாக்கில் ஏஸ் சீட்டைக் கணக்கிடுவது பற்றி ஓர் உதவி

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். சிறு வயதிலிருந்தே 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்கள் என்பதால், ஜாக் என்றாலே 30 புள்ளி என்று மனம் பழகிவிட்டது. பிளாக்ஜாக்கில் அதே ஜாக்கும் குயினும் கிங்கும் 10 மட்டுமே என்பதை ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் பிடித்தன. பணம் வைப்பதில்லை, புளியங்கொட்டைதான்.

21ஐத் தாண்டினால் தோல்வி என்பதும், சீட்டுப் போடுபவர் 17 வரும் வரை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் புரிந்துவிட்டன. குழப்பம் ஏஸில்தான். நேற்றிரவு என் கையில் ஏஸும் 6உம் இருந்தன. சீட்டுப் போட்ட தம்பியின் திறந்த சீட்டு 10. ஏஸை 11 ஆக எண்ணி, 17 போதும் என்று நான் நிறுத்திக்கொண்டேன். ஏஸை 1 ஆக மாற்றிக்கொள்ளலாம், ஆகவே அடுத்த சீட்டு எதுவானாலும் 21ஐத் தாண்டாது, துணிந்து எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லியபடியே அவன் மூடியிருந்த கிங்கைத் திருப்பி 20 காட்டினான். அவன் சொல்வதே சரியென்று எனக்கும் படுகிறது.

அப்படியானால், ஏஸும் 7உம் வந்தாலும் எடுக்க வேண்டுமா? சீட்டுப் போடுபவருக்கே ஏஸும் 6உம் வந்தால் அவர் நிற்பாரா, எடுப்பாரா? இரண்டு 8 வரும்போது அவற்றை இரு கைகளாகப் பிரித்து ஆடுவது எப்படி? அடுத்த வாரம் பண்டாரவளையிலிருந்து மாமா குடும்பத்தார் வருகிறார்கள். அவர்களுக்குப் பிழையில்லாமல் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் ஓரிரு கைகளை உதாரணமாகக் காட்டி விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.