பையன் ஃபார்முலா 1 வேண்டாம், 24 மணி நேரப் பந்தயம்தான் என்கிறான். அது ஒரு தொழிலா?

செட்டிபாளையம் அப்பா:

கோவையில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. நான்கு வருஷமாக கார்ட் என்னும் சிறிய பந்தய வண்டி ஓட்டுகிறான். 2025 ஜனவரியில் அஜித்குமார் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனபோதுதான் எங்கள் வீட்டில் அப்படியொரு பந்தயத்தை முதன்முதலாகப் பார்த்தோம். அப்புறம் ஜூனில் பிரான்ஸின் லெ மான் ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம். மஞ்சள் ஃபெராரியில் சீன ஓட்டுநர் யிஃபெய் யே ஜெயித்த அன்றிலிருந்து அவன் பேச்சே மாறிவிட்டது. அந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி, "எனக்கு இதுதான் வேணும்பா" என்கிறான்.

எனக்கு விவரம் போதவில்லை. ஃபார்முலா 1 கிடைக்காதவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடமா இது? ஒரே காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினால், அதில் ஒருவனுடைய திறமை தனியாக எப்படித் தெரியும்? நான் மாதச் சம்பளக்காரன். கார்ட் டயர் மாற்றும் மாதம் வேறு செலவுகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

மவுண்ட் ரோடு ரசிகன்:

கடைசியில் போய்ச் சேரும் இடம் என்று சொல்லிவிட முடியாது சார். நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் ஃபார்முலா 1-ல் ஓட்டியவர். 2012-ல் லெ மானுக்குப் போய், டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக் இருவரோடும் சேர்ந்து ஒட்டுமொத்தமாக 6-வது இடத்தில் முடித்தார். லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அதற்கு முன் 2009-ல் நரேன் கார்த்திகேயனுக்கு ஆடி காரில் இடம் கிடைத்திருந்தது. பந்தயம் தொடங்கும் முன் தோள் மூட்டு விலகியதால் ஓட்ட முடியாமல் போனது. அந்தச் செய்தியைப் படித்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டெர்த்ர் ரூஜ் கொடி:

அண்ணா, எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். இப்போது லெ மானிலேயே இருக்கிறேன். பந்தய வாரத்தில் தடத்தோரம் நின்று கொடி காட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். உங்கள் மகன் 2025-ல் பார்த்தது யேவின் கதையில் பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணி ஆகப்போகிறது. நான் டெர்த்ர் ரூஜ் வளைவில் நின்றிருந்தேன். டன்லப் பாலத்தைக் கடந்து இறங்கி வரும் கார்கள் அங்கே வலது பக்கம் திரும்பித்தான் நீண்ட நேர்ப்பாதைக்குள் பாயும். எல்எம்பி2 வகுப்பில் (முதல் வகுப்பான ஹைப்பர்காருக்கு அடுத்தது) டபிள்யூஆர்டி அணியின் 41-ம் எண் கார் முதலில் போய்க்கொண்டிருந்தது. அந்த அணிக்கு அதுதான் முதல் லெ மான். ஸ்டியரிங்கில் 21 வயது யே. கடைசிச் சுற்றில் நாங்கள் எல்லாரும் எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வந்து அசைப்போம், அது இங்கே வழக்கம். அசைத்துக்கொண்டே 41 வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. அதே அணியின் 31 வந்தது, விடாமல் துரத்திக்கொண்டு 28 வந்தது. கார் மேலே டன்லப் பக்கமே நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. ஆக்சிலரேட்டர் சம்பந்தப்பட்ட த்ராட்டில் சென்சாரில் கோளாறு. 24 மணி நேரம் ஓடிய கார், இன்னும் ஒரே ஒரு சுற்று, 13.626 கிலோமீட்டர், ஓடியிருந்தால் போதும். 31-ம் காருக்கும் 28-க்கும் முடிவுக் கோட்டில் இருந்த இடைவெளி 0.727 வினாடி. கோட்டைத் தாண்டாத 41-க்கு முடிவுப் பட்டியலில் இடமே இல்லை.

கொடியைச் சுருட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் யே எங்கள் ஊரில் வளர்ந்த பையன். சீனாவின் ஷியாமென் நகரத்தில் பிறந்து, 14 வயதில் பெற்றோரை விட்டு இங்கே வந்தவர். பிரெஞ்சு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் பயிற்சிப் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. 2016-ல் பிரெஞ்சு ஃபார்முலா 4 சாம்பியன் ஆனார், 2020-ல் யூரோஃபார்முலா ஓப்பன் சாம்பியன். ஒற்றை இருக்கைக் கார்களில் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவர் இந்தப் பக்கம் வந்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்று பேர் ஓட்டும்போதுதான் திறமை இன்னும் பச்சையாகத் தெரியும். அதே கார், அதே இருக்கை, அதே செட்டிங். யார் எந்த வளைவில் எவ்வளவு சீக்கிரம் பிரேக் அடித்தார், எவ்வளவு எரிபொருள் மிச்சம் பிடித்தார் என்று மூன்று பேருடைய சென்சார் பதிவுக் கோடுகளையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எஞ்சினியர் பார்ப்பார். கார் சரியில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பவரும் அதே காரைத்தானே ஓட்டினார்? தனக்குப் பிடித்த செட்டிங் மற்ற இருவருக்கும் ஒத்துவராவிட்டால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதனால் மூன்று பேரில் ஒருவர் சுமாராக இருந்தாலும் மற்றவர்களால் மூடி மறைக்க முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு என் முன்னால் போகும் கார்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஹைப்பர்கார் ஓட்டுபவர் மெதுவான ஜிடி கார்களை (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவானவை) தாண்டும் விதத்தில் அவசரம் தெரியும், அல்லது நிதானம் தெரியும்.

2021-ல் நின்றது இயந்திரம். ஆனால் 2023-ல் தவறு யேவுடையது. ஜோட்டா அணியின் போர்ஷேயில் பந்தயத்தின் முன்னிலையில் இருந்தபோது தடத்தில் 'போர்ஷே வளைவுகள்' என்ற இடத்தில் கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதினார். இதையும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தனைக்கும் பிறகு ஃபெராரி அவரை எடுத்துக்கொண்டது. 2021-ல் 41-ம் காரில் அவரோடு இருந்த ராபர்ட் குபிட்சாவே 2024-ல் ஏஎஃப் கோர்ஸே அணியின் 83-ம் காரிலும் கூட ஓட்டினார். குபிட்சா யார் என்று தெரியுமல்லவா? கனடாவில் ஃபார்முலா 1 ஜெயித்தவர், 2011-ல் ராலி விபத்தில் வலது கை சிதைந்து மீண்டு வந்தவர். அப்படிப்பட்டவர் உன்னோடு மறுபடியும் கார் பகிர்ந்துகொள்கிறார் என்றால் அதுதான் இந்தத் தொழிலில் சம்பாத்தியம். இங்கே ஓட்டுநரைத் தேடும்போது அணிகள் முதலில் கேட்பது "இவனோடு ஓட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்பதைத்தான்.

2025 ஜூன் 15 அன்று நான் அதே இடத்தில் நின்றேன். கடைசி நேரத்தில் ஓட்டியது குபிட்சா. கடைசிச் சுற்றில் மேட்டிலிருந்து மஞ்சள் 83 இறங்கி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொடியை வீசி அசைத்தேன். 387 சுற்றுகள், இரண்டாவது வந்த போர்ஷேக்கும் அவர்களுக்கும் 14 வினாடி வித்தியாசம். ஒட்டுமொத்தமாக லெ மானை வென்ற முதல் சீன ஓட்டுநர். மறுநாள் அவருக்கு 25-வது பிறந்தநாள்.

இருங்காட்டுக்கோட்டை பிட்:

கொடி அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், பணம் பற்றிக் கேட்டீர்களே. இந்தப் பந்தயங்களில் ஓட்டுநர்களுக்கு மேலிருந்து கீழாக பிளாட்டினம், கோல்டு, சில்வர், வெண்கலம் என்று தரம் உண்டு. நீண்ட நேரப் பந்தய உலகத் தொடரின் எல்எம்ஜிடி3 என்ற ஜிடி கார் வகுப்பில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலத் தர ஓட்டுநர் கட்டாயம். பெரும்பாலும் வசதியான தொழிலதிபர்கள்தான் அந்த இடத்தில் ஓட்டுவார்கள், காரின் செலவில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து வரும். எல்எம்பி2-வில் சில்வர் அல்லது வெண்கலத் தர ஓட்டுநர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதனால் சில்வர் தரத்தில் இருக்கும் வேகமான இளைஞனுக்குத்தான் கிராக்கி. வெற்றிகள் சேரச் சேர தரம் உயரும், அந்தச் சலுகை போய்விடும். அதற்குள் ஒரு கார் நிறுவனத்தின் கண்ணில் பட்டுவிட வேண்டும். யே 2021-ல் ஆசிய லெ மான் தொடர், ஐரோப்பிய லெ மான் தொடர் இரண்டிலும் எல்எம்பி2 பட்டம் வென்றார். லெ மானில் அப்படி நடந்தும் அந்த ஒரு வருஷம்தான் அவருக்குக் கதவைத் திறந்தது.

நிறுவனத்தின் ஓட்டுநராக ஆனால் சம்பளம் உண்டு. அதுவரை யாராவது பணம் போட்டுத்தான் ஆக வேண்டும், இதைப் பூசி மெழுக மாட்டேன். வீட்டை அடமானம் வைத்து மட்டும் செய்யாதீர்கள் சார். இப்போதைக்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தன் கார்ட் எப்படி நடந்துகொண்டது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நான் பிட்டில் (பந்தய வண்டிகளைச் சரிபார்க்கும் இடம்) பார்த்த பையன்களில் பாதிப் பேருக்கு "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது.

செட்டிபாளையம் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. காரைக்கால் தம்பி எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 41-ம் கார் நின்றது அவனுக்குத் தெரியாது. தேடி எடுத்து அந்தக் கடைசிச் சுற்றைப் பார்த்தான். சாப்பிடும்போது, "14 வயசுல அங்க போனாரே, பிரெஞ்சு யாருப்பா சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இன்று காலை கார்ட் ஓட்டிவிட்டு வந்து நோட்டில் எழுதியிருக்கிறான்: "மூன்றாவது வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. எட்டாவது சுற்றிலிருந்து. நான் சீக்கிரம் ஆக்சிலரேட்டர் மிதித்தேனா, டயரா, தெரியவில்லை." அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறான். பிட் சார், அந்த வழுக்கல் எதனால் என்று அடுத்த முறை எப்படிக் கண்டுபிடிப்பது?