பெண்கள் ஓட்டத்துக்கு மரபணுச் சோதனை: சரியா, தப்பா?

நீடாமங்கலம் பி.டி. மாஸ்டர்:

காலையில் மைதானத்துக்கு நடக்க வருகிறவர்கள் இதை வைத்து ரெண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்று தொடங்குகிறேன்.

விஷயம் இதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் உலக தடகள அமைப்பு ஒரு விதியைக் கொண்டுவந்திருக்கிறது. உலகப் போட்டியில் பெண்கள் பிரிவுக்கு வருகிற எல்லோரும் வாழ்நாளில் ஒரு தடவை எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை எடுத்துக்கொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்து எடுப்பார்கள், இல்லையென்றால் ரத்தம். ஆண் உடல் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு அது, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும். இல்லை என்று முடிவு வந்தால் அத்தோடு சரி. இருந்தால், சில விலக்குகள் தவிர, பெண்கள் பிரிவில் இடமில்லை. டோக்கியோ உலகப் போட்டியில்தான் முதன்முதலாக அமலானது.

நான் இதை ஆதரிக்கிறேன். 800 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 1:40.91. பெண்கள் சாதனை 1:53.28, அதுவும் 1983-ல் ஓடியது. இந்தப் 12 விநாடி இடைவெளி இருப்பதால்தான் பெண்களுக்குத் தனி ஓட்டமே வைத்தோம். தனியாக வைத்தால் யார் அதில் ஓடலாம் என்று எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்?

எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். வார்த்தையில் கவனம் இருக்கட்டும், என் மாணவிகளும் இதைப் படிக்கிறார்கள்.

கும்பகோணம் லேப்காரன்:

சார், வணக்கம். நான் லேபில் வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த மரபணு இருக்கிறதா என்றுதான் சோதனை சொல்லும். அது அந்த உடம்பில் என்ன செய்தது, எதுவுமே செய்யவில்லையா என்று சொல்லாது.

இது புது யோசனையும் இல்லை. 1966-ல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன்னால் நிர்வாணமாக நிறுத்திப் பார்த்தார்கள். அது அசிங்கம் என்று 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் மரியா ஹோசே மார்த்தினேஸ் பாட்டினோ என்ற ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை அந்தச் சோதனையில் தோற்றார். மூன்று வருஷம் போராடித்தான் திரும்ப ஓட அனுமதி வாங்கினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதே எஸ்ஆர்ஒய்-ஐ 3,387 பெண்களிடம் தேடினார்கள். 8 பேருக்கு இருந்தது. 8 பேரையும் போட்டியிட விட்டார்கள்! அப்படியானால் எதற்குத் தேடினார்கள்? 1999-ல் ஒலிம்பிக் கமிட்டியே இந்தச் சோதனை வேண்டாம் என்று கைவிட்டது. 26 வருஷம் கழித்து உலக தடகள அமைப்பு அதையே தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறது. 1990-ல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளில் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே இதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்.

கொரடாச்சேரி செல்வி:

தம்பி, பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டீர்களே. பாட்டினோவின் உடம்புக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இருந்தும் பலனில்லை, அதற்கு அந்த உடம்பு கொஞ்சமும் எதிர்வினை காட்டாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இப்போதைய விதியில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அட்லாண்டாவில் மாட்டிய 8 பேரில் 7 பேர் முழுசாகவோ ஓரளவோ அந்த வகைதான். பழைய தப்பிலிருந்து பாடம் படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நான் பல்கலைக்கழக அளவில் 800 ஓடினவள். அதனால் 2016 ரியோவைச் சொல்கிறேன். 800 மீட்டர் இறுதியில் முதல் மூன்று இடம் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, புருண்டியின் பிரான்சீன் நியோன்சாபா, கென்யாவின் மார்கரெட் வம்புய். 2018-ல் வந்த டெஸ்டோஸ்டிரோன் விதிக்கு அப்புறம் மருந்து எடுக்காமல் மூவராலும் அந்த தூரத்தை ஓட முடியவில்லை. நாலாவது வந்தவர் பெயர் இங்கே யாருக்காவது தெரியுமா? கனடாவின் மெலிசா பிஷப். தன் நாட்டுச் சாதனையை முறியடித்தும் கையில் பதக்கம் இல்லை.

அந்த மூன்று பேரும் ஏமாற்றினார்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இருந்த விதிப்படிதான் ஓடினார்கள். ஆனால் பெண்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் வழக்கமாக லிட்டருக்கு 2 நானோமோலுக்குள். ஆண்களுக்கு ஏறக்குறைய 8-லிருந்து 29 வரை. நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது பாருங்கள். இது ஒருத்திக்குக் கொஞ்சம் கூட, ஒருத்திக்குக் கொஞ்சம் குறைவு என்கிற மாதிரி விஷயம் இல்லை.

திருவையாறு சிவா:

அக்கா, கூடைப்பந்தில் ஏழடி ஆள் வந்தால் யாராவது அளந்து வெளியே அனுப்புகிறார்களா? பிறவியில் வந்த வரத்தைத்தானே எல்லா விளையாட்டிலும் கொண்டாடுகிறோம்?

கொரடாச்சேரி செல்வி:

உயரத்துக்குத் தனிப் பிரிவு வைத்தால் அளக்கத்தான் செய்வார்கள். குத்துச்சண்டையில் எடை பார்க்காமலா விடுகிறார்கள்?

திருவையாறு சிவா:

சரி, அதை விடுங்கள். ஊசி போட்டு ஏற்றினால் குற்றம், புரிகிறது. உடம்பே சுரந்தால் அது எப்படிக் குற்றமாகும்?

கொரடாச்சேரி செல்வி:

குற்றம் என்று யார் சொன்னது? தகுதி வேறு, குற்றம் வேறு. ஊக்கமருந்திலேயே கூட எண்ணத்தைப் பார்த்து ஆரம்பிப்பதில்லை. நம்ம திருச்சி முடிகண்டம் கோமதி 2019 தோஹா ஆசியப் போட்டியில் 2:02.70-ல் தங்கம் வாங்கியபோது இந்தப் பக்கம் எல்லோரும்தானே கொண்டாடினோம்? அப்புறம் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருந்தது என்று நாலு வருஷத் தடை, தங்கமும் போயிற்று. நான் மருந்தே எடுக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு என்பது விதி. கடுமைதான். எதிரே ஓடுகிறவளையும் நினைத்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

மன்னை ராஜா:

உலக விதியெல்லாம் இருக்கட்டும். நம்ம ஸோனல் மீட்டில் 14 வயசுக்குட்பட்டோர் பிரிவில் ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து நிற்கிறானே, அதை யார் கேட்பது? பிறப்புச் சான்றிதழ் எத்தனை தினுசில் வேண்டும் உங்களுக்கு?

நீடாமங்கலம் பி.டி. மாஸ்டர்:

ராஜா, அதற்குத் தனித் திரி போடுங்கள், நானே வந்து கொட்டுகிறேன். அங்கேயும் எலும்பு எக்ஸ்ரே எடுத்துத்தான் வயசைக் கணிக்கிறார்கள். அதுவும் மதிப்பீடுதான், ஆனாலும் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

வேதாரண்யம் கடைமடைக்காரன்:

இவ்வளவு நேரம் பேசியும் ஒரு பெயர் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாந்தி சௌந்தரராஜன். டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண். 2005-ல் இன்சியான் ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2:03.16-ல் மறுபடி வெள்ளி. அப்புறம் பாலினச் சோதனை என்றார்கள், தோற்றுவிட்டார் என்றார்கள், பதக்கத்தைப் பிடுங்கினார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை. ஒரு பெண்ணின் உடம்பு ரகசியத்தை நாடே டி.வி.யில் பார்த்தது. முதல்வராக இருந்த கலைஞர் 15 லட்சம் கொடுத்தார், அதை மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண் ஒரு கட்டத்தில் உயிரை விடவே முயன்றார். ஆசியப் பதக்கம் வாங்கின கை மறுபடி சூளையில் கல் அறுத்தது. பின்னால் படித்து, பயிற்சியாளராகி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தார் என்றால் அது அவர் வைராக்கியம். எந்த விதியும் கைகொடுக்கவில்லை.

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்க வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட நாளாகும். மொனாக்கோவில் தடகள அமைப்பின் தலைமையகத்தில் உட்கார்ந்து எழுதுகிற விதியும் அப்படித்தான். ஆலோசகர், மேல்முறையீடு, வக்கீல் எல்லாம் தலைமடையிலேயே நின்றுவிடும். கடைமடைக்கு வருவது தடை மட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். சோதனை முடிவு முதலில் யார் கைக்குப் போகும்? அந்தப் பெண்ணுக்கா, சங்கத்துக்கா, நிருபருக்கா?

நீடாமங்கலம் பி.டி. மாஸ்டர்:

அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக் கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதுவே என் கட்சிக்குத்தான் பலம். சாந்தியை எதனால் சோதித்தார்கள்? யாருக்கோ சந்தேகம் வந்தது, அதனால். 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பத் தயாராக இருந்த இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் என்பவரை நிறுத்தியதும் அப்படித்தான். மார்பைப் பார்த்து, குரலைப் பார்த்து, நடையைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற முறை அது. இப்போது எல்லோருக்கும் சோதனை, அதுவும் போட்டிக்கு முன்னால். யாரையும் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை. ஜெயித்த மறுநாள் மேடையிலிருந்து இறக்குவதை விட இது எவ்வளவோ மேல். டோக்கியோவுக்குச் செலவிலும் ஒரு சோதனைக்கு 100 டாலர் வரை உலக அமைப்பே கொடுத்தது.

கும்பகோணம் லேப்காரன்:

எல்லோருக்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது சார். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ பதினாறு வயசுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாநில அளவில் ஜெயித்தவள். தேசிய முகாமுக்குக் கூப்பிட்டார்கள், குச்சியால் வழித்தார்கள், அப்புறம் அவள் முகாமுக்குப் போகவில்லை. காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்லவே வேண்டாம், தெருவில் நாலு பேர் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்வார்கள். ஆறு மாசத்தில் கல்யாணப் பேச்சு நின்றுபோகும்.

செல்வி அக்கா சொன்ன விலக்கும் காகிதத்தில் சுலபமாக இருக்கிறது. அதை வாங்க ஹார்மோன் சோதனை, ஸ்கேன், உடல் பரிசோதனை என்று அடுத்தடுத்த கட்டம் இருக்கிறது. பிரான்ஸில் அந்த நாட்டுச் சட்டமே இப்படிச் சோதிக்க இடம் கொடுக்காததால் அவர்கள் வீராங்கனைகள் வெளிநாடு போய் எடுத்தார்கள். அங்கே சட்டம் யோசிக்கிறது. இங்கே அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

மாயூரம் வக்கீல்:

சட்டப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லை, அதனால் வருகிறேன். 2015-ல் டூட்டி சந்த் லோசானில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் அன்றைய விதியை நிறுத்திவைக்கச் செய்தார். டெஸ்டோஸ்டிரோன் கூடினால் எவ்வளவு சாதகம் என்று ஆதாரம் காட்டு என்று தீர்ப்பாயம் கேட்டது. அதற்குப் பதில் மாதிரி 2017-ல் ஒரு ஆய்வு வந்தது, எழுதியவர்கள் தடகள அமைப்பைச் சேர்ந்தவர்களே. அதில் பெரிய வித்தியாசம் தெரிந்தது சங்கிலிக் குண்டு எறிதலிலும் கோலூன்றித் தாண்டுதலிலும். ஆனால் 2018-ல் விதி போட்டதோ 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரைக்கும்! 2021-ல் அந்த ஆய்வுக்கே திருத்தம் வெளியிட்டார்கள், காரண காரியத் தொடர்பை அது நிறுவவில்லை என்று.

செமன்யா வழக்கில் 2019-ல் தீர்ப்பாயம் 2-க்கு 1 என்று பிரிந்தது. விதி பாரபட்சமானதுதான், ஆனால் தேவையான பாரபட்சம் என்றது. அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். 2023-ல் வரம்பை 5 நானோமோலிலிருந்து 2.5-க்கு இறக்கி, எல்லா ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் தாண்டுதலுக்கும் விரித்தார்கள். 2025 ஜூலை 10-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, செமன்யாவுக்கு சுவிஸ் நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது.

கொரடாச்சேரி செல்வி:

வக்கீல் சார், அந்தத் தீர்ப்பு விசாரணையைத்தான் குறை சொன்னது. விதி தப்பு என்று சொல்லவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

400 முதல் மைல் வரை என்பது அரைகுறை விதி என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பலனைப் பாருங்கள். 800 ஓட முடியாத நியோன்சாபா நீண்ட தூரத்துக்கு மாறி, 2021-ல் 2000 மீட்டரில் உலக சாதனையே படைத்தார். அதனால்தான் எல்லாப் போட்டிக்கும் விரித்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மாயூரம் வக்கீல்:

அம்மா, அதே செமன்யா 2022 ஓரிகன் உலகப் போட்டியில் 5000 மீட்டர் ஓடினார். முதல் சுற்றான ஹீட்ஸைக் கூடத் தாண்டவில்லை. உங்களுக்கு நியோன்சாபா ஆதாரம் என்றால் எனக்கு இது ஆதாரம். ஒருவர் சாதித்தால் மரபணு, ஒருவர் தோற்றால் கணக்கில் சேராதா?

கொரடாச்சேரி செல்வி:

800-க்குப் பழகின உடம்பை 5000-க்கு ஓடவிட்டு, பார் தோற்றார் என்பது வாதமா சார்? என்னைக் கூட 5000 ஓடவிட்டிருந்தால் பாதியில் உட்கார்ந்திருப்பேன்.

வேதாரண்யம் கடைமடைக்காரன்:

என் கேள்வி அப்படியே நிற்கிறது. உகாண்டாவின் அனெட் நெகேசா கதை தெரியுமில்லையா? 2012-ல் அறுவை சிகிச்சை நடந்தது, தடகள அமைப்பின் மருத்துவர் சொன்ன வழியில்தான் போனேன், என்ன செய்கிறார்கள் என்று எனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை என்கிறார் அவர். அமைப்பு மறுக்கிறது. உலகமெங்கும் ஓடினவருக்கே இந்தக் கதி. குச்சி வாய்க்குள் போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் உட்காரவைத்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை வேண்டாமா?

கொரடாச்சேரி செல்வி:

வேண்டும். டாக்டரும் வேண்டும், முடிவு அவள் கைக்கு மட்டும் போகவும் வேண்டும். அப்படி ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் விதி இருக்கட்டும்.

நீடாமங்கலம் பி.டி. மாஸ்டர்:

மனுவை நான் எழுதுகிறேன். தமிழில் விளக்கம், பெண் டாக்டர், முடிவு முதலில் வீராங்கனைக்கு, அப்புறம் மேல்முறையீட்டுக்குச் செலவு. இந்த நாலையும் மாநில சங்கத்துக்கு அனுப்பலாம். லேப்காரர் தம்பி, அடுத்த கட்டச் சோதனைகள் என்னென்ன என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், இணைத்துவிடுகிறேன். பதில் வருகிறவரை விதியை நிறுத்து என்று மட்டும் நான் எழுத மாட்டேன்.

கும்பகோணம் லேப்காரன்:

ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன் சார். ஆனால் என் பக்கத்தின் கடைசி வரி, அதுவரை நிறுத்து என்றுதான் இருக்கும். அடிக்காமல் அனுப்புவீர்களா?