ஒரு குடும்பம் எந்த வர்க்கம் என்று எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி (புதுவரவு):
சிறிய கள ஆய்வுக்கு வினாத்தாள் தயாராகிறது. "நீங்கள் எந்த வர்க்கம்?" என்று நேராகக் கேட்டால் வசதியானவரும் சரி, கஷ்டப்படுகிறவரும் சரி, "நடுத்தரம்" என்கிறார்கள். மாத வருமானத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் போதுமா?

கணக்குப்புலி:
போதாது. ஆனால் அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். வரி போக வீட்டுக்கு வரும் மொத்தத் தொகையை, வீட்டிலுள்ளவர்கள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 4 பேருக்கு 80,000 வந்தால் 2-ஆல் வகுத்து 40,000. 4-ஆல் ஏன் வகுப்பதில்லை? நாலு பேர் இருந்தாலும் வாடகை நாலு மடங்கு ஆகாதே.

பிறகு எல்லாரையும் தொகைவாரியாக வரிசைப்படுத்தி, நட்ட நடுவில் நிற்பவரின் தொகையை எடுங்கள். சராசரி வேண்டவே வேண்டாம், இரண்டு கோடீஸ்வரர்கள் புகுந்தால் எகிறிவிடும். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி-யின் (OECD) 2019 அறிக்கை, நடுத்தொகையில் 75 முதல் 200 விழுக்காடு வரை பெறுவோரை நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டது. நடுத்தொகை 30,000 என்றால் 22,500 முதல் 60,000 வரை.

சிவப்புமை:
தொகை தெரிந்தால் ஆயிற்றா? அது எப்படி வருகிறது என்பதுதானே வர்க்கம்! சொந்தத் தொழிலா, சம்பளமா? உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? ஆளை எடுக்கவும் நிறுத்தவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா? இந்த மூன்றையும் சேருங்கள்.

பதவிப் பெயரை நம்பாதீர்கள். 'மேனேஜர்' என்று அட்டை இருக்கும், ஒருநாள் லீவு கொடுக்கக்கூட மேலிடத்தைக் கேட்க வேண்டியிருக்கும். உண்மையிலேயே அதிகாரம் உள்ள மேலாளரும் சம்பளத்துக்கு உழைப்பை விற்கிறவர்தான், கூடவே பிறர் உழைப்பையும் கட்டுப்படுத்துகிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட் இதை 'முரண்பட்ட வர்க்க இடம்' என்றார்.

வரவுசெலவு:
சம்பளம் நின்றால் கையிருப்பில் எத்தனை மாதம் ஓடும் என்றும் கேளுங்கள். உடனே எடுக்கக்கூடிய பணம் மட்டும் கணக்கு. குடியிருக்கும் வீட்டைச் சேர்த்தால் பதில் பொய்யாகிவிடும். '1 மாதத்துக்குக் கீழ்', '1–3', '3–6', 'அதற்கு மேல்' என்று கட்டம் போட்டு, வினாத்தாளின் கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார்.

புதுவரவு:
எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடலாமா?

சிவப்புமை:
கூடாது. நல்ல சம்பளம், பூஜ்யம் கையிருப்பு என்பவரும், குறைந்த வருமானம், நிறைய சேமிப்பு என்பவரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். தனித்தனி நெடுவரிசையாகவே வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள்.