பட்டியலில் இல்லாத சின்ன மரபணு: நிஜமா, வெறும் இரைச்சலா?

இலைப்புள்ளி:
தக்காளியைத் தாக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் சிரிஞ்சே டிசி3000-இல் வேலை செய்கிறேன். ஆர்என்ஏ-சீக் (செல்லில் உள்ள ஆர்என்ஏக்களைப் படித்தெடுக்கும் முறை) தரவை ஐஜிவி என்ற ஜீனோம் பார்க்கும் மென்பொருளில் திறந்தால், இரண்டு மரபணுக்களுக்கு நடுவே, ஜீனோமின் மரபணுப் பட்டியலில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ரீடுகள் (படித்த ஆர்என்ஏ துண்டுகள்) மலை மாதிரி குவிந்திருக்கின்றன. அதே இழையில் 52 கோடான் (மூன்றெழுத்துக் குறி) நீளத்துக்கு ஒரு திறந்த சட்டகமும் (நடுவில் ஸ்டாப் இல்லாத, புரதமாகக்கூடிய பகுதி) தெரிகிறது. இந்த ஜீனோம் 2003-இலேயே வெளியாகி எத்தனையோ பேர் அலசியது, இன்னுமா ஒரு மரபணு விடுபட்டிருக்கும்?

நெல்வேர்:
தாராளமாக இருக்கும். பட்டியலில் பெரும்பகுதி மென்பொருள் கணித்தது. புரதம் முடியும் இடத்தைக் காட்டும் ஸ்டாப் கோடான்களில் ஏ, டி எழுத்துகள்தான் அதிகம், அதனால் ஜி-சி மிகுந்த ஜீனோமில் ஸ்டாப் அடிக்கடி வராது, சும்மா கிடக்கும் இடத்தில்கூட சட்டகம் தற்செயலாக அமைந்துவிடும். அந்தப் போலிகளை ஒதுக்க நீள வரம்பு வைத்தார்கள், நிஜமான சின்ன மரபணுக்களும் அதோடு போயின. நெல்லின் எக்ஸ்ஏ21 எதிர்ப்பு மரபணுவை 1995-இலேயே பிரித்துவிட்டார்கள். ஆனால் நெல்லைத் தாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவில் அது எதை இனம் காண்கிறது என்று தேடி, ஒரு தவறான விடையை 2013-இல் திரும்பப் பெற்று, 2015-இல்தான் ராக்ஸ்எக்ஸ் என்ற புரதத்தைப் பிடித்தார்கள். வெறும் 60 அமினோ அமிலம்!

மூன்றாம்சட்டகம்:
அவசரப்படாதீர்கள். ரீடு இருந்தால் ஆர்என்ஏ இருக்கிறது, அவ்வளவுதான். அது புரதமே செய்யாத சிற்றார்என்ஏவாக இருக்கலாம், அடுத்த மரபணுவின் முன்பகுதியாகவும் இருக்கலாம். தொடக்கக் கோடானுக்குச் சற்று முன்னால் ரைபோசோம் ஒட்டும் வரிசை இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பி728ஏ போன்ற உறவு இனங்களோடு ஒப்பிடுங்கள்: மாற்றங்கள் பெரும்பாலும் கோடானின் மூன்றாவது எழுத்தில் விழுந்து அமினோ அமிலம் மாறாமல் இருந்தால், புரதம் செய்யும் மரபணு என்பதற்கு அது எனக்குப் பெரிய சாட்சி. எந்த ஊடகத்தில் வளர்த்தீர்கள்?

இலைப்புள்ளி:
கிங்ஸ் பி, சத்து மிகுந்த ஊடகம்.

மூன்றாம்சட்டகம்:
அதில் நோய் உண்டாக்கும் மரபணுக்கள் பல அடங்கியே கிடக்கும். இலைக்குள் இருக்கும் நிலையைப் போல, சத்துக் குறைந்த, சற்றே அமிலமான ஊடகத்திலும் ஒருமுறை செய்யுங்கள். அங்கே ரீடு கூடினால், சட்டகத்துக்கு முன்னால் எச்ஆர்பி பெட்டி (நோய் உண்டாக்கும் மரபணுக்களை இயக்கும் டிஎன்ஏ வரிசை) இருக்கிறதா தேடுங்கள்.

புரதக்காரி:
புரதத் துண்டுகளை எடைபோட்டு இனம் காணும் நிறை நிறமாலையில் தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள், இவ்வளவு சின்னப் புரதத்தை டிரிப்சின் நொதி வெட்டினால் ஒன்றிரண்டு துண்டுதான் தேறும். சட்டகத்தின் கடைசியில், குரோமோசோமிலேயே, ஃபிளாக் ஒட்டு (எதிர்ப்பொருள் இனம் காணும் சின்னத் துண்டு) சேர்த்து வெஸ்டர்ன் பிளாட் (அந்தப் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) போடுங்கள். பட்டை விழுந்தால், தொடக்கக் கோடானை மட்டும் மாற்றி இன்னொரு முறை. அப்போது பட்டை மறைந்தால் நான் நம்புவேன்.

இலைப்புள்ளி:
சரி, முதலில் பி728ஏ ஒப்பீடு. இன்று இரவே உட்காருகிறேன்.