எச்.எஃப்.எஸ். ஃப்ளாப்பி இனி குப்பையா?

அச்சுக்காரன்:
"பழைய மேக் ஃப்ளாப்பியை இன்றைய கணினி எதுவும் படிக்காது, தூக்கிப் போடுங்கள்" என்று நேற்று நிரலன் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1985-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஃபார்மட், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கும் முறை, எச்.எஃப்.எஸ். 2009-ல் ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் ஓ.எஸ். (இயங்குதளம்) பதிப்பில் எழுதும் வசதியை எடுத்தார்கள். 2019-ல் கேட்டலீனாவில் படிக்கும் வசதியையும் பிடுங்கிவிட்டார்கள். ஃப்ளாப்பி என்ன பாவம் செய்தது? போன மாதம் ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பியை யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போட்டு லினக்ஸில் மவுண்ட் செய்து திறந்தேன். 1994-ல் நான் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும் இருந்தன.

நிரலன்:
800 கேபி ஃப்ளாப்பியை அந்த டிரைவ் படிக்குமா?

அச்சுக்காரன்:
நான் சொன்னது 1.44.

நிரலன்:
நான் கேட்டது 800. மேக்கின் 800 கேபி வட்டு வெளித்தடத்தில் மெதுவாகவும் உள்தடத்தில் வேகமாகவும் சுழல வேண்டும். யூஎஸ்பி டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, அவ்வளவுதான்.

தமிழ்வட்டு:
இருவருமே 'நெகிழ்வட்டு' என்று எழுதலாமே?

நிரலன்:
மூன்றரை அங்குல வட்டு எங்கே நெகிழ்கிறது? கெட்டியான பிளாஸ்டிக்.

அச்சுக்காரன்:
ஒரு தடவையாவது தகட்டு மூடியைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம், விரலால் அழுத்தினால் வளையும். என்னுடையதில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகே டிரைவில் போட்டேன். கையால் தொடாதவர்தான் தூக்கிப் போடச் சொல்வார். போன வருடம் கேசட்டுக்கும் இதையே சொன்னீர்கள், நான் மறக்கவில்லை.

தமிழ்வட்டு:
'கிரீஸ்வீசில்' என்ற சின்ன மின்சுற்றுப் பலகையைச் சாதாரண பிசி ஃப்ளாப்பி டிரைவில் மாட்டினால் 800 கேபி வட்டையும் பிரதி எடுக்கலாம். காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும், வேகம் தடையில்லை.

அச்சுக்காரன்:
கேட்டீர்களா நிரலன்?

நிரலன்:
அது தனியாக வாங்கும் பலகை. நான் பேசியது ஓ.எஸ். பற்றி. யாரும் கவனிக்காத பழைய நிரலை ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியான கெர்னலில் விட்டுவைத்தால் பாதுகாப்பு ஓட்டைதான். வேண்டுமென்றே சிதைத்த ஒரு வட்டுப் படிமம் (வட்டின் முழு நகலான கோப்பு) போதும், கணினி கவிழும்.

அச்சுக்காரன்:
அதற்காகப் பிடுங்கி எறிவதா? கெர்னலுக்கு வெளியே, படிக்க மட்டும் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கலாமே. தாங்கள் விற்ற வட்டு ஐயா அது! அதில் இருப்பது எங்கள் உழைப்பு. 1.44 இன்றைக்கும் படிக்கிறது, படித்துக் காட்டினேன்.

நிரலன்:
800-க்கு இன்னும் பதில் வரவில்லை.