நெசவு நூல் வாங்க முராபஹா: வங்கி எதைப் பார்க்கும்?

அஸ்ஸலாமு அலைக்கும். இலங்கையின் மருதமுனையில் எங்கட நானா (அண்ணன்) கைத்தறி வைத்து சாரமும் சாரியும் நெய்கிறார். நூல் மொத்தமாக எடுக்க, இஸ்லாமிய வங்கிகளின் வட்டியில்லா முறையான முராபஹா வசதி கேட்க இருக்கிறோம். வட்டிப் பக்கம் போகவே மாட்டார், எனக்கும் அதுதான் சரி.

வங்கி காசாகத் தராது, நூலைத் தானே வாங்கி, இலாபத்தைச் சொல்லி, தவணைக்கு எங்களுக்கு விற்கும் என்பது தெரியும். பழைய கடன்களைக் காட்டும் கிரிப் (CRIB) அறிக்கையிலும் பிரச்சினை இல்லை. சிக்கல் கணக்கில்தான். விற்பனை பெரும்பாலும் கைக்காசு. எல்லாம் கொப்பியில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஓடுவது கொஞ்சம். பெருநாளுக்கு முன் விற்பனை ஏறும், பிறகு படுத்துவிடும். இப்படியான வரவை எப்படிக் கணிப்பார்கள்? கொப்பியை ஏற்பார்களா, கணக்காளரின் அறிக்கை வேணுமா?

காணி உறுதி உம்மாவின் பேரில். அதை வைக்க மனமில்லை. ஆள் பிணை மட்டும் போதுமா?

நூல் வியாபாரியிடம் கொட்டேஷன் மட்டும் முன்கூட்டி எடுக்கலாமா? நாங்களே வாங்கிவிட்ட சரக்குக்கு முராபஹா செய்ய ஏலாது என்பதால் கேட்கிறேன்.

அமானா வங்கியிலோ, வேறு வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவிலோ சிறு தொழிலுக்கு வசதி எடுத்தவர்கள், அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நோன்புக்கு முன் தறியில் நூல் ஏற வேண்டும்.