ஆல்டோ சாக்சபோனில் ஜாஸ் வாசிக்கும்போது சுரங்கள் வெட்டுப்பட்டு ஒலிக்கின்றன: நாவை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி

மூன்று ஆண்டுகளாக ஆல்டோ சாக்சபோன் கற்று வருகிறேன். மேற்கத்தியச் செவ்வியல் முறையில் தேர்வுகளுக்காகவே பயின்றதால், ஒவ்வொரு சுரத்தையும் நாவால் அழுத்தித் தொட்டு வாசிக்கும் பழக்கம் ஊறிப்போய்விட்டது. இப்போது ஜாஸ் சாக்சபோன் மேதை சார்லி பார்க்கரின் ப்ளூஸ் மெட்டு ஒன்றைப் பயிற்சி செய்கிறேன். விரல்கள் தவறுவதில்லை, ஆனால் பதிவு செய்து கேட்டால் அணிவகுப்பு வாத்தியம் போல இருக்கிறது. எய்த் நோட்டுகளை (ஒரு தட்டுக்கு இரண்டாக வரும் சுரங்களை) நெட்டையும் குட்டையுமாக இழுத்துப் பார்த்தேன். குதிரை நொண்டுவது போல ஆகிவிட்டது. மேல் ஸ்தாயியில் ஒலியும் மெலிந்து கீச்சிடுகிறது. மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் பகுதியை) மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார் நண்பர் ஒருவர். எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

நாவைத் திருத்துவதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஒரு வரி முழுவதையும் நாவே படாமல், ஒரே மூச்சில், சேர்த்து வாசியுங்கள். அது இழையறாமல் வந்த பிறகுதான் நாவுக்கு வேலை. அப்போதும் நா ரீட்டின் (மவுத்பீஸில் அதிரும் மெல்லிய தகட்டின்) நுனியைத் தொட்டு விலக வேண்டுமே தவிர, காற்றை நிறுத்தக் கூடாது.

இங்கே தமிழ் பேசுகிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலப் பயிற்சி நூல்கள் சொல்லும் அசையை நாம் "டு" என்று எழுதிக்கொண்டு வாசிக்கிறோம். தமிழ் டகரத்துக்கு நா பின்னோக்கி வளைவதால் ரீட்டை விட்டே விலகிப்போகிறது. "பத்து" என்பதில் வரும் தகரம் காற்றை அடைத்துத் திறப்பது. "அது" என்பதில் வரும் தகரமோ பல்லை உரசிச் செல்வது மட்டும்தான். ஜாஸுக்கு வேண்டியது அந்த இரண்டாவது தகரம். நாகஸ்வரக் கலைஞர்கள் துத்துகாரம் என்று சொல்லும் நாவேலையை அருகிலிருந்து கேட்டவர்களுக்கு, நாவின் மிகச் சிறிய மாற்றம் கூடச் சுரத்தின் முகத்தை மாற்றிவிடும் என்பது புதிய செய்தியாக இராது.

அடுத்தது, நா விழும் இடம். எய்த் நோட்டுகளில் தாளத்தின் மேல் விழும் சுரத்தைத் தொடாமல், இரண்டு தட்டுகளுக்கு இடையில் வரும் சுரத்தை மெல்லத் தொட்டு, அங்கிருந்து அடுத்த தட்டுக்குள் வழுக்கிச் செல்லுங்கள். சி மேஜர் ஸ்கேலை, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, இப்படியே ஏறி இறங்குங்கள். முதல் வாரம் நா முரண்டு பிடிக்கும். பழகிவிட்டால் நெட்டை குட்டை என்ற கணக்கே தேவைப்படாது. அந்தக் கணக்கும் வேகத்தைப் பொறுத்தது: நிதானமான நடையில் முதல் சுரம் இரண்டு பங்கு, அடுத்தது ஒரு பங்கு என்பதை ஒட்டி வரும்; வேகம் கூடக்கூட இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். பார்க்கரின் வேகத்தில் நீங்கள் இழுத்து வாசித்ததால்தான் நொண்டியது.

சில சுரங்கள் பாதி விழுங்கப்பட்டது போலக் கேட்பதையும் கவனித்திருப்பீர்கள். நாவை ரீட்டின் ஓரத்தில் இலேசாக வைத்தபடியே ஊதினால் ஒலி அமுங்கி, ஏறத்தாழ "ந்" என்று வரும். அதைக் கோஸ்ட் நோட் என்பார்கள். "து-ந்-து" என்று வாயால் பாடிப் பழகிய பிறகு வாத்தியத்தை எடுங்கள்.

மறுமொழி 2

மேல் ஸ்தாயி கீச்சிடுவது பெரும்பாலும் கீழ்த்தாடை ரீட்டைக் கடிப்பதால் வருவது. மைக்கேல் பிரெக்கர், டேவ் லீப்மன் ஆகிய சாக்சபோன் கலைஞர்களுக்கு ஆசிரியராக இருந்த ஜோ ஆலர்ட், ஓவர்டோன் (ஒரே விரல்வைப்பில் மேல் சுரங்களை எழுப்பும்) பயிற்சியைப் பெரிதும் வலியுறுத்தியவர். மிகக் கீழே உள்ள பி ஃப்ளாட்டுக்கு விரல்களை வைத்து, அவற்றை அசைக்காமலே, தொண்டையின் வடிவத்தையும் காற்றையும் மட்டும் மாற்றி, முதலில் அதன் மேல் பி ஃப்ளாட்டையும், பிறகு அதற்கும் மேலுள்ள எஃப்பையும் வரவழையுங்கள். பின்பு அதே எஃப்பை வழக்கமான விரல்வைப்பில் வாசித்து, இரண்டும் ஒரே நிறத்தில் ஒலிக்கும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். கடித்தால் இது வரவே வராது. அந்த வகையில் இந்தப் பயிற்சியே உங்களுக்கு ஆசிரியர்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பத்து நாட்கள் செய்து பார்த்தேன். ஸ்கேலில் நா பழகிவிட்டது. மெட்டுக்குள் வந்ததும் பழையபடி எல்லாச் சுரத்தையும் தொட்டுவிடுகிறேன். தட்டுகளுக்கு இடையில் வரும் சுரத்தை மட்டும் தொடும் இந்த விதியை எல்லா இடத்திலும் பின்பற்ற வேண்டுமா?

மறுமொழி 3

வேண்டாம். அது நாவைத் தளர்த்துவதற்கான பயிற்சி. சாக்சபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனைக் கேளுங்கள்: எய்த் நோட்டுகளை ஏறக்குறையச் சமமாக, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்தபடி வைப்பார், ஆனாலும் அது முழுமையான ஸ்விங் (ஜாஸுக்கே உரிய ஊசலாடும் நடை). எங்கே தொடுவது, எங்கே விடுவது என்பது காது வழியாகவே வரும். பார்க்கரே 1937 கோடையில், ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தபோது, சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை (தனி வாசிப்புகளை) இசைத்தட்டிலிருந்து மனப்பாடம் செய்தவர். நீங்களும் ஒரு பதிவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் எடுத்து, முதலில் வாயால், மூச்சு வாங்கும் இடம் உட்பட அப்படியே பாடுங்கள். அது ஒட்டிக்கொண்ட பிறகு அந்தப் பதிவோடு சேர்ந்தே வாசியுங்கள்.

மவுத்பீஸ் பற்றி: செவ்வியல் மவுத்பீஸின் வாய் குறுகலானது என்பதால், ஜாஸுக்கு என்றேனும் மாற்ற வேண்டிவரும். பலரும் மேயர் 5 போன்ற கடின ரப்பர் மவுத்பீஸில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் மறுமொழி 2 சொல்லும் ஓவர்டோன் எஃப் கடிக்காமல் வருகிற வரை வாங்காதீர்கள். அகன்ற வாயுள்ள மவுத்பீஸில் கடிக்கும் பழக்கம் இன்னும் இறுகிவிடும்.